பிறவியா, வளர்ப்பா? இரட்டைப் பிள்ளைகள் தரும் சாட்சியம்

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் வாசகம்)



"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்ன அதே வாய்தான் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றும் சொல்லியிருக்கிறது. முன்னது பிறவியின் கட்சி. பின்னது வளர்ப்பின் கட்சி. நம் பாட்டிமார்கள் இரண்டையும் முந்தானையில் முடிந்து வைத்துக் கொண்டு, சமயத்துக்கு ஏற்றதை அவிழ்த்து விட்டார்கள். பையன் பரீட்சையில் தேறினால் "எங்கள் வம்சத்து மூளை", தவறினால் "வாத்தியார் சரியில்லை." சிரிக்கிறீர்கள். வீட்டுத் திண்ணையோடு நிற்கும் வரை இது சிரிக்கக் கூடிய விஷயம்தான். ஆனால், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை வருஷப் படிப்பு என்று சர்க்கார் இதை வைத்துத் தீர்மானிக்கத் தொடங்கினால் சிரிப்பு நின்று விடும்.

நமது ராஜ்யத்திலேயே அப்படி ஒன்று வந்தது. 1953-ம் வருஷம் ராஜாஜி மந்திரிசபை ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தது. கிராமத்துப் பிள்ளை தினம் மூன்று மணி நேரம் படித்தால் போதும்; மீதிப் பொழுதில் தகப்பன் தொழிலைக் கற்றுக் கொள்ளட்டும் என்பது அதன் சாரம். அதாவது, சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி, குயவர் மகனுக்குச் சக்கரம். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். எதிர்ப்பு எங்கும் கிளம்பியது. 1954-ல் ராஜாஜி விலகிக் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இங்கே அந்தக் கருத்து பழைய வழக்கத்தின் வேஷத்தில் வந்தது. ஆகவே அடையாளம் கண்டு கொள்வது சுலபமாக இருந்தது. பிரிட்டனில் அதே கருத்து விஞ்ஞானத்தின் வேஷத்தில், கையில் அட்டவணையும் தசமப் புள்ளியுமாக வந்தது. அதைக் கண்டுபிடிக்க வெகு காலம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்று நாம் பேச வேண்டும்.

பிறவி, வளர்ப்பு என்ற இரண்டு சொற்களையும் ஜோடி சேர்த்து இந்தச் சர்ச்சைக்குப் பெயராக நிலைநிறுத்தியவர் பிரான்சிஸ் கால்டன். டார்வினுக்கு உறவினர். தகப்பன் வைத்துப் போன சொத்தில் வாழ்ந்தவர். 1869-ல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'பரம்பரை மேதை'. பிரபல நீதிபதிகளும் மந்திரிகளும் தளபதிகளும் திரும்பத் திரும்ப அதே குடும்பங்களில் தோன்றுகிறார்கள், எனவே மேதை ரத்தத்தில் வருகிறது என்பது அவருடைய வாதம். ஜட்ஜ் மகன் ஜட்ஜாவதற்கு ஜட்ஜ் வீடும் ஒரு காரணமாக இருக்குமே என்ற கேள்வி அவருக்குப் பெரிதாகப் படவில்லை! ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். பிறவியையும் வளர்ப்பையும் பிரித்துப் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் உதவுவார்கள் என்று 1875-ல் எழுதினார். ஊர் ஊராகக் கடிதம் போட்டு இரட்டையர்களின் விருத்தாந்தங்களைச் சேகரித்தார். தீர்ப்பு என்ன? பிறவியே வெகுவாக மேலோங்குகிறது என்றார்.

1883-ல் அதே கால்டன் 'நல்ல இனம்' பெருக்கும் கொள்கைக்கு 'யூஜெனிக்ஸ்' என்று நாமகரணம் செய்தார். அது எங்கே போய் முடிந்தது? அமெரிக்காவில் 'மந்த புத்தி' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புக் கூறியது. அந்த நாட்டில் 60,000 பேருக்கு மேல் இதற்கு இரையானார்கள், பெரும்பாலும் ஏழைகள். ஹிட்லர் 1933-ல் இதைச் சட்டமாக்கினான். ஆஷ்விட்ஸ் முகாமில் இரட்டைக் குழந்தைகளைத் தேடிப் பொறுக்கி எடுத்து வதைத்த மெங்கலே, இரட்டையர் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற பெர்ஷூயர் என்ற பேராசிரியரிடம் பயின்றவன். விஞ்ஞானத்தின் பெயரால் நடந்தவை இவை என்பதை மறக்காமல் மேலே போவோம்.

இரட்டையர் ஆராய்ச்சியின் தர்க்கம் எளிமையானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றேதான். அவர்களைக் குழந்தைப் பருவத்திலேயே பிரித்து, வெவ்வேறு வீட்டில் வளர்த்தால், பின்னால் காணும் ஒற்றுமை பிறவியின் கணக்கு. வேற்றுமை வளர்ப்பின் கணக்கு. காகிதத்தில் பிரமாதம்! ஆனால் யார் பிள்ளையை யார் பிரிப்பது? தாய் இறந்து போய், அல்லது வறுமையினால், தாமாகப் பிரிந்தவர்களைத்தான் தேட வேண்டும். அப்படிப் பிரிந்தவர்களும் எங்கே போனார்கள்? 1962-ல் ஷீல்ட்ஸ் என்பவர் பிரிட்டனில் வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். அநேகம் ஜோடிகளில் ஒன்று தாயிடம், மற்றொன்று அத்தையிடமோ பாட்டியிடமோ வளர்ந்தது. ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனவர்களும் உண்டு. நம் ஊரில் இதைப் 'பிரிந்து வளர்ந்தது' என்று யாராவது சொல்வோமா? அடுத்த தெருவில் வளர்ந்தது என்போம்.

பிரிந்த இரட்டையரை வேறு எவரையும் விட அதிகமாகச் சேகரித்ததாகச் சொன்னவர் சிரில் பர்ட். சாதாரண ஆளல்ல. 1913-ல் லண்டன் கவுண்டி கவுன்சிலின் மனோதத்துவ நிபுணராக அமர்ந்தவர். 1946-ல் 'சர்' பட்டம் பெற்றவர். புத்தி என்பது பிறவியிலேயே அளந்து கொடுக்கப்படுவது, அதைச் சிறு வயதிலேயே கண்டறியலாம் என்பது ஆயுள் முழுவதும் அவர் கொண்ட கொள்கை. 1938-ல் பிரிட்டனில் இடைநிலைக் கல்வி பற்றி அறிக்கை கொடுத்த ஸ்பென்ஸ் கமிட்டி இந்தக் கொள்கையை ஏற்றுக் கொண்டது. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் பதினொரு வயதுப் பரீட்சை பரவியது. ஆங்கிலம், கணக்கு, கூடவே 'புத்திச் சோதனை'. தேறினால் கிராமர் பள்ளி. அங்கிருந்து சர்வகலாசாலை, உத்தியோகம். தவறினால் 'மாடர்ன்' பள்ளி. பதினைந்து வயதில் வெளியே வந்து ஆலைக்கோ கடைக்கோ போக வேண்டியது. ஐந்து பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கே கிராமர் பள்ளி கிடைத்தது. காலை வேளையில் சில மணி நேரம் எழுதிய பரீட்சை, பதினொரு வயதுப் பிள்ளையின் ஆயுளைத் தீர்மானித்தது.

புத்தி பிறவியில் வருவதானால் ஊருக்கு ஊர் அதிகம் மாறக் கூடாதல்லவா? மாறியது! சில தொழில் நகரங்களில் பத்தில் ஒரு பிள்ளை தேறியது. வேல்ஸில் சில பகுதிகளில் பாதிப் பிள்ளைகள் தேறினார்கள். காரணம் ரத்தமல்ல, பெஞ்சு. எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனை பேர் 'புத்திசாலிகள்'. பல ஊர்களில் பெண் பிள்ளைகள் பையன்களை விடக் கூடுதல் மார்க் வாங்கினால்தான் இடம் என்று வைத்திருந்தார்கள். ஏனென்றால் பெண்கள் அதிகமாகத் தேறி விட்டார்கள்! 1957-ல் அந்நாட்டுக் கல்வி ஆராய்ச்சி நிலையமே கணக்குப் பார்த்து, நூற்றுக்குப் பத்துக்குக் குறையாத பிள்ளைகள் தவறான பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று சொல்லிற்று. பரீட்சையில் 'தவறிய' பிள்ளைகள் மாடர்ன் பள்ளியில் படித்தே கிராமர் பள்ளிப் பரீட்சைகளைத் தேறிக் காட்டினார்கள். பிரைன் சைமன் என்ற ஆசிரியர், பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், 1953-லேயே இந்தச் சோதனைகளின் அஸ்திவாரத்தைத் தாக்கி ஒரு சிறு நூல் எழுதினார். சைமன் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். அவர் வீட்டுக்குத் திரும்ப வருவோம்.

எதிர்ப்பு வலுத்த சமயத்தில்தான் பர்ட்டின் இரட்டையர்கள் அரங்கத்துக்கு வந்தார்கள். 1955-ல் 21 ஜோடி என்றார். 1958-ல் முப்பதுக்கு மேல். 1966-ல் 53 ஜோடி. இருவரின் மார்க்கும் எவ்வளவு ஒத்துப் போகிறது என்று காட்ட ஓர் எண் உண்டு. முழுக்க ஒத்துப் போனால் ஒன்று. சம்பந்தமே இல்லாவிட்டால் பூஜ்யம். பிரிந்து வளர்ந்த பர்ட்டின் இரட்டையருக்கு அந்த எண் 0.771. எந்த வருஷம் என்கிறீர்களா? மூன்று வருஷமும்! ஜோடிகள் இரண்டரை மடங்கு பெருகியும் மூன்றாவது தசம ஸ்தானம் வரை எண் அசையவில்லை. சேர்ந்து வளர்ந்த இரட்டையருக்கும் அப்படியே: 0.944, 0.944, 0.944. மளிகைக் கடைக்காரர் 21 மூட்டை அரிசியை நிறுத்துச் சராசரி சொல்கிறார், பிறகு முப்பது, பிறகு 53. மூன்று தரமும் சராசரி குந்துமணி பிசகாமல் ஒன்றாகவே வந்தால், நாம் தராசைப் பார்க்க மாட்டோம். கடைக்காரரைப் பார்ப்போம்.

பர்ட்டை விஞ்ஞானிகள் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. பார்த்தவர் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் லியோன் காமின். 1974-ல் வெளியான அவருடைய நூல் இதை அம்பலப்படுத்தியது. காமின் யார்? வாலிபத்தில் கம்யூனிஸ்டாக இருந்தவர். 1954-ல் மெக்கார்த்தி விசாரணையில் தம்மைப் பற்றிச் சொன்னார். மற்றத் தோழர்களின் பெயரைச் சொல்ல மறுத்தார். வழக்குத் தொடரப்பட்டு விடுதலையானார். பிழைப்புக்குக் கனடா போக நேர்ந்தது. எண்களைக் கண்டு மிரளாத பழக்கம் அங்கிருந்து வந்ததோ என்னவோ! 1976-ல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை பர்ட்டின் மீது மோசடிக் குற்றம் சாட்டியது. 1979-ல் அவர் சரித்திரத்தை எழுதிய ஹெர்ன்ஷாவும், ஆரம்பத்தில் பர்ட்டின் மீது மதிப்பு வைத்திருந்தவர், மோசடி நடந்தது என்ற முடிவுக்கே வந்தார். பின்னால் 1989-லும் 1991-லும் இருவர் பர்ட்டுக்குப் பரிந்து நூல் எழுதினார்கள். மோசடியா, அலட்சியமா என்ற வழக்கு ஓய்ந்து விடவில்லை. ஆனால் அந்த எண்களை இன்று எவரும் ஆதாரமாக எடுத்து வைப்பதில்லை. 1965-ல் தொழிற்கட்சி சர்க்கார் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளி அமைக்கும்படி கேட்டுக் கொண்ட பின் பதினொரு வயதுப் பரீட்சை பெரும்பாலான இடங்களில் மறைந்தது. சில பகுதிகளில் அது இன்றும் உயிரோடிருக்கிறது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பர்ட்டின் இந்த மூன்று இரட்டையர் கணக்குகளும் சட்டத்துக்குப் பின்னால் வந்தவை. முன்னால் வந்தது அவருடைய கொள்கை. முதலில் பிள்ளைகளைப் பிரித்தார்கள். சாட்சியம் பிறகு தேடினார்கள்.

இத்தோடு நிறுத்திக் கொண்டால் உங்களுக்கும் திருப்தி, நமக்கும் கைதட்டல். ஆனால் பாதிக் கதைதான் சொன்னதாகும். நம் பக்கத்துக் கணக்கையும் திறந்து காட்ட வேண்டும்.

1930-களில் மாஸ்கோவில் கார்க்கி பெயரால் ஒரு மருத்துவ மரபியல் நிலையம் இருந்தது. சாலமன் லெவித் அதன் தலைவர். அங்கே மனோதத்துவ அறிஞர் லூரியா இரட்டையர்களை ஆராய்ந்தார். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. 'இந்தப் பிள்ளையின் புத்தியில் எத்தனை வீசம் பிறவி?' என்று கேட்கவில்லை. 'ஒரே பிறவியுடைய இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகக் கற்பித்தால் என்ன ஆகும்?' என்று கேட்டார். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டடம் செய்யும் விளையாட்டு. ஜோடியில் ஒருவனுக்கு ஒவ்வொரு கட்டையும் தெரியும்படியான மாதிரி. மற்றவனுக்குக் காகிதம் ஒட்டி மூடிய மாதிரி. உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்று அவனே யோசிக்க வேண்டும். பின்னால் புது வேலை கொடுத்தபோது யோசித்துப் பழகியவனே முந்தினான்.

இன்னொரு ஜோடி. ஐந்து வயதுச் சிறுவர்கள். இருவரும் எந்நேரமும் ஒன்றாகவே இருந்தார்கள். ஒருவர் மனம் ஒருவருக்குப் புரிந்ததால் பேச்சு தேவைப்படவில்லை. சிதைந்த சில சொற்களும் கூச்சலும்தான் பாஷை. கதை சொன்னால் காது கொடுப்பதில்லை. மற்றப் பிள்ளைகளோடு வேஷம் போட்டு விளையாடத் தெரியாது. பர்ட்டின் அளவுகோலிலே நிறுத்தினால், இருவரும் ஒத்த மந்தம், ஆகவே பிறவி மந்தம் என்று எழுதிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். லூரியாவும் யூதோவிச்சும் செய்ததென்ன? பாலர் பள்ளியில் இருவரையும் வெவ்வேறு குழுவில் விட்டார்கள். மற்றக் குழந்தைகளோடு பேசாமல் காரியம் நடக்காது. மூன்றே மாதத்தில் பேச்சு வந்து விட்டது! பேச்சோடு விளையாட்டும் மாறியது: என்ன வரையப் போகிறேன், என்ன செய்யப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யத் தொடங்கினார்கள். இருவரில் பின்தங்கியவனுக்குப் பேச்சுப் பயிற்சி தனியாகவும் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவன் தலைவனாகி, முன்பு தலைவனாயிருந்தவன் பின்னால் வந்தான். ஒரே மரபணு, மாறியது சுற்றியிருந்த மனிதர்கள்.

இவ்வளவு அருமையான வேலை என்ன ஆயிற்று? 1936 ஜூலையில் சோவியத் கட்சி ஒரு தீர்மானம் போட்டுப் பள்ளிகளில் புத்திச் சோதனையைத் தடை செய்தது. அதற்கு ஒரு நியாயம் இருந்தது: தொழிலாளர், விவசாயிகளின் பிள்ளைகளை மந்தம் என்று ஒதுக்கி, தனிப் பள்ளிகளில் தள்ளிக் கொண்டிருந்தார்கள். ஆனால் களையைப் பிடுங்கப் போனவர்கள் பயிரையும் பிடுங்கினார்கள். சோதனைகளோடு சேர்த்து, குழந்தை வளர்ச்சி பற்றி மகத்தான ஆராய்ச்சி செய்த வைகாட்ஸ்கியின் நூல்களும் இருபது வருஷம் இருட்டில் கிடந்தன. லெவித் 1938-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய நிலையம் மூடப்பட்டது. பரம்பரை என்று பேசுவதே பிற்போக்கு என்ற நிலை உண்டாகி, லைசெங்கோ கொடி கட்டினார். உலகம் போற்றிய தாவர விஞ்ஞானி வவிலோவ் 1943-ல் சிறையில் மாண்டார். லூரியாவின் இரட்டையர் நூல் 1956-ல்தான் வெளியாக முடிந்தது. 1959-ல் அதை ஆங்கிலத்தில் பதிப்பித்தவர் ஜோன் சைமன். பிரைன் சைமனின் மனைவி. பதினொரு வயதுப் பரீட்சைக்கு எதிராகப் போராடியவர்கள் வீட்டிலிருந்து அந்த நூல் புறப்பட்டது தற்செயலல்ல.

பர்ட் உண்மையை வளைத்தது தவறென்றால், பரம்பரையே இல்லையென்று சாதிக்க உண்மையை வளைத்ததும் தவறுதான். கட்சிக்குத் தகுந்தாற்போல் விஞ்ஞானத்தைத் தைத்துக் கொள்ள முடியாது. பரம்பரை உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 1979-ல் தொடங்கிய ஆராய்ச்சி பிரிந்த இரட்டையரைப் பரிசோதித்து, ஐ.க்யூ. வித்தியாசத்தில் சுமார் 70 சதவீதம் பரம்பரையின் பங்கு என்று 1990-ல் சொல்லிற்று. அந்த வீடுகளில் மிக ஏழை வீடுகள் அபூர்வம் என்ற ஆட்சேபம் உண்டு. என்றாலும் இதைப் பர்ட்டின் எண்ணைப் போல் ஒதுக்கித் தள்ள முடியாது. 'புத்திக்கு ஒரு மரபணு' என்று ஒன்று கிடையாது, ஆயிரக்கணக்கானவை துளித் துளியாகச் சேர்கின்றன என்பதும் இன்று தெரிந்த விஷயம்.

அப்படியானால் 70 சதவீதம் என்பதன் அர்த்தம் என்ன? இங்கேதான் பத்திரிகைகள் ஜனங்களைக் குழப்புகின்றன. ஒரு நெசவுக் கூடத்தில் இருபது தறி என்று வைத்துக் கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே ரக நூல், ஒரே ரகத் தறி. துணிக்குத் துணி காணும் வித்தியாசம் யாருடையது? முழுக்க நெசவாளியின் கையுடையது. அடுத்த மாதம் முதலாளி பாதிப் பேருக்கு இற்றுப் போன நூலைக் கொடுக்கிறார். இப்போது வித்தியாசத்தில் பெரும்பங்கு நூலுடையது. கைகள் மாறினவா? இல்லை. சதவீதம் மாறி விட்டது. அந்த எண் ஒரு நெசவாளியைப் பற்றிச் சொல்வதல்ல. அந்தக் கூடத்தின் அன்றைய நிலைமையைச் சொல்வது. 'என் மகன் புத்தியில் 70 பங்கு பிறவி' என்று பேசுவது அர்த்தமற்ற பேச்சு.

இது வெறும் உவமையல்ல. வர்ஜீனியாவில் டர்க்ஹைமரும் சகாக்களும் ஏழு வயது இரட்டையர் 319 ஜோடிகளின் கணக்கை 2003-ல் வெளியிட்டார்கள். வசதியான வீடுகளில் பரம்பரையின் பங்கு பெரிது. ஏழை வீடுகளில்? வித்தியாசத்தில் சுமார் 60 சதவீதம் வீட்டுச் சூழ்நிலையின் பங்கு; மரபணுவின் பங்கு ஏறக்குறைய பூஜ்யம்! பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2016-ல் பார்த்தபோது, இந்த வேறுபாடு அமெரிக்காவில் தென்பட்டது. மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்படவில்லை. அங்கே வைத்தியமும் படிப்பும் ஏழைக்கும் ஓரளவு சமமாகக் கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்று அதைச் செய்தவர்களே எழுதினார்கள்.

நண்பர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி என்கிறீர்களா? பிறவிக் குறை என்று ஒன்று கிடையாதா?" கிடையாது என்று நாம் சொல்லவில்லை. பிறவி என்றால் மாற்ற முடியாதது என்ற நினைப்பைத்தான் மறுக்கிறோம். பினைல்கீட்டோனூரியா என்று ஒரு வியாதி. நூற்றுக்கு நூறு பரம்பரை. உணவிலுள்ள ஒரு சத்தை உடல் செரிக்க மாட்டாமல், அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. 1934-ல் நார்வேயில் பெல்லிங் என்ற டாக்டர் இதைக் கண்டுபிடித்தார். பிறவிப் பேதைகள் என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலருடைய குறை இதுதான் என்று தெரிந்தது. 1953-ல் அந்தச் சத்தைக் குறைத்த உணவு கொடுத்து வைத்தியம் செய்யலாம் என்று காட்டினார்கள். பிறந்த சில நாளிலேயே தொடங்கினால் குழந்தையின் மூளை தப்பி விடுகிறது. மரபணு அப்படியே இருக்கிறது, மாறியது சாப்பாடு.

குதிகாலில் ஊசியால் குத்தி எடுக்கும் இரண்டு சொட்டு ரத்தம் போதும், இதைக் கண்டுபிடிக்க. அநேக நாடுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதைச் செய்கிறார்கள். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.